தாய்மார்களின் பேராதரவுடன்

சுவரொட்டியில் அந்த வாசகம் இல்லாத படமே அப்போது கிடையாது. 'தாய்மார்களின் பேராதரவுடன் வெற்றிகரமான மூன்றாவது வாரம்' என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் அச்சடித்த துண்டுச் சீட்டைப் பழைய போஸ்டரின் குறுக்கே ஒட்டிவிட்டுப் போவார்கள். பசை காய்வதற்குள் ஆடு வந்து தின்றது போக மிச்சமிருப்பதைப் படித்துவிட்டு, எந்தத் தாய்மார்கள், எத்தனை பேர், யார் எண்ணினார்கள் என்று ஒரு கேள்வியும் எழாமல், 'அப்படின்னா படம் நல்லாத்தான் இருக்கும்' என்று நம்பிய தலைமுறை எங்களுடையது. என் அம்மாவும் ஒரு தாய்தான். அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை, மாவாட்டவும் மாட்டைக் கட்டவுமே அவளுக்குப் பொழுது போதாது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போஸ்டரில் வரும் தாய்மார்கள் வேறு வகை, சாயங்காலமானால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு கிளம்பி வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள் என்று மனதுக்குள் ஒரு சித்திரம் இருந்தது. உங்களுக்கும் இருந்திருக்கும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில். டூரிங் டாக்கீஸில் படம் மாறுகிற அன்று மாட்டுவண்டி ஒன்று ஊருக்குள் வரும். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டியில் போஸ்டர் கட்டி, முன்னால் ஒருவர் டிரம் அடித்துக்கொண்டு நடக்க, உள்ளே உட்கார்ந்திருப்பவர் ரோஸும் பச்சையுமாக பிட் நோட்டீஸை அள்ளி வீசுவார். அதற்காக நாங்கள் வாய்க்கால் மதகு வரைக்கும் ஓடியிருக்கிறோம். ஒரு பக்கம்தான் அச்சு. கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லியிருக்கும். மறுபக்கம் வெறும் தாள் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும். மையின் வாசனை இரண்டு நாளைக்குப் போகாது. டிரம் சத்தத்துக்குத் திண்ணையை விட்டு அசையாத பெரியவர்கள்கூட, வண்டிக்குப் பின்னால் இத்தனை பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். இப்போது யோசித்தால், டாக்கீஸ்காரர் கூலி கொடுத்தது டிரம்காரருக்கு. ஊரை வாசலுக்கு வரவழைத்துக் கொடுத்த எங்களுக்கு ஒரு கடலை மிட்டாய்கூடக் கிடைத்ததில்லை.

கூட்டத்தின் பின்னால் ஓடும் இந்த வியாதி எனக்கு முந்தைய தலைமுறையிலிருந்தே வந்தது என்பதற்கு என் பெரியப்பா ஆதாரம். 1944 தீபாவளிக்கு மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது சினிமா சரித்திரம். பெரியப்பா அதைக் கடைசிக் கட்டத்தில்தான் பார்த்தாராம், ஏதோ கோர்ட் வேலையாக மெட்ராஸ் போனபோது. பாகவதர் பாட்டுக்காகவா போனீர்கள் என்று கேட்டால், "பாட்டெல்லாம் கிராமபோன்லயே கேட்டாச்சுடா. இத்தனை நாளா ஓடுதுங்கிறாங்க, நாம பார்க்கலேன்னா எப்படி?" என்பார். அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களிலும் பாதிப் பேர் இதே காரணத்துக்காகத்தான் நின்றிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாகவதர் பக்தரிடம் அதைச் சொல்கிற தைரியம்தான் வரவில்லை. பிற்பாடு, ஓடிய நாட்களே நாயகர்களின் கௌரவம் என்று ஆனபோது, காலியாகக் கிடக்கும் படத்தைப் பகல் காட்சியில் மட்டும் வைத்து நூறாவது நாளுக்குத் தள்ளுவதும், மன்றத்துப் பையன்கள் கைக்காசைப் போட்டு டிக்கெட் வாங்கி ஹவுஸ்ஃபுல் போர்டை மாட்டவைப்பதும் நடந்தது. போர்டு தொங்கினால், மறுநாள் உண்மையாகவே கூட்டம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1937-ல் நியூயார்க்கில் பிரசாரத்தை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் தொடங்கி, மக்களை மயக்கும் தந்திரங்கள் 7 என்று பட்டியல் போட்டார்கள். 'எல்லாரும் வந்தாயிற்று, நீ மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கிறாய்' என்பது அதில் ஒன்று. பத்துப் பேர் செய்வதாலேயே ஒரு காரியம் சரியாகிவிடாது என்று பாடம் நடத்தினார்கள். அவர்கள் கவலை பாசிசத்தைப் பற்றி. நம் பக்கத்தில் அந்தத் தந்திரத்துக்கு அவ்வளவு பெரிய லட்சியம் எதுவும் இருக்கவில்லை. அது பல்பொடி விற்றுக்கொண்டிருந்தது.

இலங்கை வானொலியைச் சொல்கிறேன். அகில இந்திய வானொலி விளம்பரத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலம். விவித் பாரதியில் விளம்பரம் வந்ததே 1967-ல்தான். அதனால் சோப்பும் தைலமும் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றில் ஏறி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும்போது நடுவில் கோபால் பல்பொடி வரும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று அந்தக் குரல் நாடு நாடாக அடுக்கி, அங்கெல்லாம் மக்கள் ஆதரவு பெற்றது என்று முடிக்கும்போது, உமிக்கரியோடு கிணற்றடியில் நின்றிருந்த எனக்கு, நான்கு நாட்டு மக்களும் வரிசையாக உட்கார்ந்து ரோஸ் நிறத்தில் கொப்பளித்துத் துப்புகிற காட்சி கண்ணில் தெரியும். நான் மட்டும் கறுப்பாகத் துப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது எவ்வளவு பெரிய அவமானம்! அழுது அடம்பிடித்து வாங்கிய பொட்டலத்தில் பாதி பல்லுக்கும், தித்திப்பாக இருந்ததால் பாதி வயிற்றுக்கும் போனது வேறு விஷயம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர், மலேயா போனவர்கள். விடுமுறையில் வந்த மாமா ஒருவரிடம், அங்கே எல்லாரும் இந்தப் பல்பொடிதானே என்று கேட்டேன். "நான் பேஸ்ட்டுடா மாப்ளே. மத்தவன் எதுல தேய்க்கிறான்னு நான் எங்க போய்ப் பார்க்கிறது?" என்றார். வானொலிக்கே தெரிந்தது கூடவே வசிக்கும் இவருக்குத் தெரியவில்லையே என்று மாமாவின் மீதுதான் மரியாதை குறைந்தது.

சந்தை நாளில் வரும் லேகியக்காரரை எந்த வானொலியும் மிஞ்ச முடியாது. ஒரு முளையில் கீரிப்பிள்ளை, பக்கத்தில் மூடிய பாம்புப் பெட்டி, நடுவில் சாம்பலால் ஒரு வட்டம். இதோ சண்டை விடப்போகிறேன், இதோ விடப்போகிறேன் என்று ஒரு மணி நேரம் பேசுவார். வட்டத்தை விட்டு நடுவில் நகர்கிறவன் ரத்தம் கக்குவான் என்று ஒரு எச்சரிக்கை, அதனால் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தாலும் யாரும் நகர மாட்டோம். பேச்சு சரியாக முட்டிவலியில் வந்து நிற்கும்போது, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கட்டம்போட்ட லுங்கியில் ஒருவர் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வருவார். "அண்ணே, போன மாசம் உங்ககிட்ட வாங்கினேன். கம்பு ஊன்றி நடந்த அப்பாரு இப்ப சைக்கிள் மிதிக்கிறாரு. ரெண்டு டப்பா குடுங்க." லேகியக்காரர் உடனே கொடுக்க மாட்டார். "ஒண்ணுதான் தருவேன், மத்தவங்களுக்கும் வேணுமில்ல" என்பார். அவ்வளவுதான், மடியை அவிழ்க்கிற கைகள் எட்டுத் திசையிலிருந்தும் நீளும். என் சித்தப்பா அதே லுங்கிக்காரரை அடுத்த வாரம் ஒரத்தநாட்டில் பார்த்தார். அங்கே அவருக்கு வயிற்றுவலி குணமாகியிருந்தது. அவரும் லேகியக்காரரும் பொழுது சாய்ந்தபின் டீக்கடை பெஞ்சில் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும் சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். கீரியும் பாம்பும் கடைசிவரை சண்டை போடவே இல்லை.

நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் நாலு பேராக நின்று, ஒன்றுமில்லாத வானத்தை அண்ணாந்து பார்ப்போம். முதலில் வெற்றிலை பாக்குக்காரர், பிறகு கண்டக்டர், பிறகு கூடையோடு வரும் கிழவி என்று கூட்டம் சேர்ந்ததும் நைசாக நழுவிவிடுவோம். தூரத்தில் போய்த் திரும்பிப் பார்த்தால், இல்லாத ஒன்றை ஒருவருக்கொருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இதையே ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் நியூயார்க் நடைபாதையில் செய்துபார்த்து 1969-ல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார். ஒரே ஒருவர் நின்று ஆறாவது மாடி ஜன்னலைப் பார்த்தபோது, போகிறவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள்; 15 பேர் நின்று பார்த்தபோது 40 சதவீதம் பேர். அவருக்குப் புகழ் கிடைத்தது, எங்களுக்கு ஹெட்மாஸ்டரிடம் பிரம்படி கிடைத்தது.

பெல்பாட்டம் வந்தபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது. தீபாவளித் துணியை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போய், அப்பாவுக்கு அஞ்சி 24 இஞ்ச் போதும் என்றேன். அவர் டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, காலண்டரைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "24 வைக்கலாம் தம்பி. ஆனா இப்ப எல்லாரும் 28-தான் வைக்கிறாங்க" என்றார். எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கடைக்கு வருவதே எங்கள் தெருப் பையன்கள் ஆறேழு பேர்தான், அத்தனை பேரிடமும் இதையே சொல்லியிருக்கிறார் என்பது தீபாவளி அன்று கோயில் வாசலில் ஆறேழு ஜோடி 28 இஞ்ச் ஒன்றாகச் சந்தித்துக்கொண்டபோது தெரிந்தது. எங்களுக்கு வருத்தமா? பெருமை தாங்கவில்லை. தெருவைக் கூட்டிக்கொண்டே நடந்தோம். ஐப்பசி மழைச் சேறு முழங்கால்வரை ஏறியது. இப்போது என் பேரன் அதையே வேறு பெயரில், வேறு விலையில் போட்டுக்கொண்டு, காலேஜில் எல்லாரும் இதுதான் தாத்தா என்கிறான்.

தொலைக்காட்சி வந்த பிறகு 'எல்லாரும்' என்பவர்களுக்கு முகமும் பாட்டும் கிடைத்தன. ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் ரூபவாஹினி, வடக்கே திருப்பினால் புள்ளிகளுக்கு நடுவே தூர்தர்ஷன். அதில் பாவாடை சுழல ஒரு சிறுமி வருவாள், நிர்மா பாட்டு வரும். அர்த்தம் தெரியாமலே தெருப் பிள்ளைகள் அத்தனையும் அதைப் பாடும். எல்லாருக்கும் பிடித்தது நிர்மா என்றுதான் அதில் பாடினார்கள் என்று ரொம்ப நாள் கழித்து, வடக்கே வேலை பார்த்த நண்பன் ஒருவன் சொன்னான். அந்த 'எல்லாரில்' நாங்களும் அடக்கம் என்ற தகவல் எங்களுக்கே தெரியாமல் நாங்கள் அதைப் பாடிப் பரப்பியிருக்கிறோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1969-ல் கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் வீட்டிலேயே பவுடர் தயாரித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றபோது, அதை வாங்கியவர்கள் பாட்டுக்கு மயங்கி வாங்கவில்லை. பெரிய கம்பெனிப் பவுடரின் விலையில் சின்னப் பங்குதான் அது. முதலில் ஜனங்கள் வந்தார்கள், பிறகுதான் ஜனங்களைப் பற்றிய பாட்டு வந்தது. இந்த வரிசை மாறி, பாட்டு முதலிலும் ஜனங்கள் பின்னாலுமாக வர ஆரம்பித்த பிறகுதான் தமாஷ் எல்லாம்.

அட்சய திருதியை தமாஷைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் பாட்டி காலத்தில் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு குந்துமணித் தங்கமும் வாங்கியதில்லை. இன்று அதிகாலை நகைக்கடை வாசலில் நிற்கும் வரிசையை டிவியில் காட்டுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்த வருஷத்து வரிசை தயாராகிறது.

அதற்காகக் கூட்டத்தை நம்பவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கூட்டம் மொய்க்கிற கடையில் வடை சூடாக இருக்கும், காலையில் போட்டது மாலைவரை தட்டில் காத்திருக்காது. இது அனுபவ உண்மை. ஆனால் எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் நெடுஞ்சாலை மோட்டல் வாசலில் ஏழெட்டு பஸ் நிற்கும், உள்ளே திருவிழாக் கூட்டம். அத்தனை பேரும் சாப்பாட்டைத் தேடி வந்தவர்களா, டிரைவர் நிறுத்தியதால் இறங்கியவர்களா என்பது முதல் கவளம் பரோட்டாவைக் கடிக்கும்போது விளங்கிவிடும்.

பிறகு கைப்பேசி வந்தது. இப்போது ஊர் முழுவதும் என் சட்டைப் பைக்குள். ஒரு சொம்பு வாங்கப் போனாலும் அது பேசுகிறது: கடந்த மாதம் இதை ஆயிரம் பேர் வாங்கினார்கள், இப்போது 37 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் 2 மட்டுமே மீதி. 'ரவுடி பேபி' 100 கோடிப் பார்வையைத் தாண்டியது 2020-ல். "100 கோடிப் பேர் பார்த்த பாட்டு தாத்தா" என்று பேரன் அதைப் போட்டுக் காட்டினான். அது பேர் கணக்கல்ல, பார்வைக் கணக்கு, உன் ஒருவன் பங்கே அதில் கணிசம் என்று சொன்னேன்; காதில் வாங்கவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. 2006-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், கேட்பதற்கு 14,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தத்தம் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கண்ணில் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொரு கூட்டத்தில் 40-வது இடத்தில் கிடந்தது. பாட்டு அதேதான், முதலில் வந்து கைதட்டியவர்கள்தான் வேறு.

என் வருத்தம், ஏமாற்றுகிறார்கள் என்பதில்கூட இல்லை. அன்றைக்குக் கூட்டத்தோடு போனால் கூட்டமாவது கிடைத்தது. டிக்கெட் கவுண்டரின் இருட்டுச் சந்தில், முன்னால் நிற்பவரின் முதுகு வியர்வையும் பின்னால் நிற்பவரின் பீடிப் புகையுமாக நெருக்கியடித்து நகர்ந்து, கை மட்டும் நுழைகிற பொந்துக்குள் ஏற்கெனவே இருக்கும் மூன்று கைகளோடு நான்காவதாக நம் கையை விட்டு, சில்லறையும் வியர்வையும் கசங்கிய டிக்கெட்டுமாக அதை வெளியே இழுத்துக்கொள்ளும்போது, படம் எப்படி இருந்தாலும் பாதிக் காசு அங்கேயே வசூலாகிவிடும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு அழுது, சிரித்து, இரவு வரப்பு வழியே கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீடு சேர்ந்தோம். அன்று கூடவே நின்ற எவரையும் இன்று தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது, ஆனாலும் அன்று அவர்கள் இருந்தார்கள். இப்போது வேகமாக நிரம்புகிறது என்று ஆரஞ்சு நிறத்தில் செயலி எச்சரிக்க, பதறிப்போய் டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போனால், குளிர்சாதனக் காற்றில் நானும் என் மனைவியும், ஐந்து வரிசை தள்ளி ஒரு காதல் ஜோடியும். 37 பேர் பார்க்கிறார்கள் என்கிறானே, அவர்களில் ஒருவராவது நகர்ந்து உட்காருங்க அண்ணே என்று சொன்னதுண்டா?

சென்ற மாதம் மருமகள் மிக்ஸி வாங்கப் போனை எடுத்தாள்.

"மாமா, இதுதான் பெஸ்ட் செல்லர். பன்னெண்டாயிரம் பேர் ஸ்டார் போட்டிருக்காங்க."

"அதுல நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் உண்டாம்மா?"

"தெரிஞ்சவங்கன்னா மட்டும்? போன மிக்ஸியை உங்க தங்கச்சி சொல்லித்தானே மாமா வாங்கினோம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பன்னிரண்டாயிரம் பேரில் சிலரைப் படித்துப் பார்த்தேன். ஒருவர், பார்சல் சொன்ன தேதிக்கு வந்தது, இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர், டெலிவரி பையனுக்கு வீடு தெரியவில்லை என்று மிக்ஸிக்கு ஒரே நட்சத்திரம். 2 மட்டுமே மீதி என்று வந்ததும் மருமகள் பட்டனைத் தட்டிவிட்டாள். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோதும் 2 மட்டுமே மீதி.

இதெல்லாம் சட்டத்துக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் வகுத்தது. கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால் கடைப்பிடிக்கலாம் என்ற அளவில். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தில் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டது. பொய்யான அவசரமும் பொய்யான கிராக்கியும்தான் பட்டியலில் முதலாவது. அதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் உதாரணத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன்: இன்னும் 2 அறைகள்தான், 30 பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆதாரமில்லாமல் சொல்வது. "ஒண்ணுதான் தருவேன், மத்தவங்களுக்கும் வேணுமில்ல" என்ற லேகியக்காரரை அரசிதழில் ஏற்றிவிட்டார்கள்.

மிக்ஸி வந்தது. நன்றாகவே அரைக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெட்டிக்குள் வாரண்டிக் காகிதத்துக்கு அடியில் ஒரு சின்ன அட்டை இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பினால் 100 ரூபாய் உங்கள் கணக்கில். லுங்கிக்காரருக்காவது ஊர் ஊராக நடந்து, வெயிலில் நின்று, வலி தீர்ந்தவர் மாதிரி நடித்த பிறகுதான் பஜ்ஜி கிடைத்தது. நமக்கு நாற்காலியை விட்டுக்கூட எழ வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஓர் அட்டை வந்திருக்கும். 100 ரூபாய் போனால் போகட்டும். ஒரு மாதம் இட்லிக்கு அரைத்துப் பார்த்துவிட்டு, மாவு எப்படி வந்ததோ அதற்குத் தகுந்த நட்சத்திரத்தைப் போடுங்கள்.